நாடகம் என்றால் பொய்யா?



நாளிதழைப் புரட்டினால் நாடகம் என்ற சொல் தலைப்பில் கண்ணில் படாத வாரமே இல்லை. 'கடத்தல் நாடகமாடிய வாலிபர் கைது', 'நகை திருட்டு நாடகம் அம்பலம்', 'தற்கொலை நாடகம்'. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தால் ஆளுங்கட்சி அதை நாடகம் என்கிறது. ஆட்சி மாறினால் சொல்கிறவர் மாறுகிறார், சொல் மாறுவதில்லை. வீட்டுக்குள்ளும் இதே கதைதான். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும் பிள்ளையிடம், "நடிக்காதே, எழுந்து ஸ்கூலுக்குக் கிளம்பு" என்கிறோம். மருமகள் மனம் உடைந்து அழுதால் "டிராமா போடறா", மாமியார் சாப்பிடாமல் எழுந்து போனால் "சீன் போடறாங்க". இவை போதாதென்று கூத்தடிக்காதே, வேஷம் போடாதே, வசனம் பேசாதே, பின்பாட்டு பாடாதே என்று மேடையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த ஏச்சுகள் நம்மிடம் ஏராளம்.

அதே வீட்டில் மாலை ஏழு மணிக்குப் பாட்டி, "நாடகம் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார். அவர் கேட்பது தொலைக்காட்சித் தொடரை. அவர் வாயில் மட்டும் அந்தச் சொல் இன்னும் மரியாதையோடு இருக்கிறது.

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் பற்றிய இந்தச் சிறப்பிதழில் மலைக்கோட்டை உண்டு, காவிரி உண்டு, கல்லணை உண்டு. எனக்குக் கொடுத்திருக்கும் இந்தப் பக்கங்களில் நாடகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நாடகத்தைப் பொய் என்று நினைக்காத ஊர்களில் இவை இரண்டும் முக்கியமானவை என்பது என் எண்ணம்.

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிப் பக்கம் போய் நின்றவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். பங்குனித் திருவிழாவில் ஆயில்ய நட்சத்திரத்தன்று உற்சவரான நம்பெருமாள் உறையூருக்குப் புறப்பட்டுப் போய், அங்குள்ள தாயார் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் இருந்துவிட்டுத் திரும்புவார். ஸ்ரீரங்கத்து ரங்கநாயகித் தாயாருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. உத்திரத்தன்று நம்பெருமாள் தாயார் சன்னதிக்கு வரும்போது கதவு சாத்தப்படுகிறது. உள்ளேயிருந்து வாழைமட்டை வீசுகிறார்கள், பூப்பந்து வருகிறது, வெண்ணெய் வருகிறது. பல்லக்கு பின்னால் போகிறது, மறுபடி முன்னால் வருகிறது, மறுபடியும் கதவு சாத்தப்படுகிறது. ஊர் இதை மட்டையடி என்று சொல்லும். பெரியவர்கள் பிரணய கலகம் என்பார்கள்.

பிறகு வாக்குவாதம் தொடங்குகிறது. அரையர் முதலான கைங்கர்யக்காரர்கள் இரண்டு தரப்புக்கும் நின்று வசனத்தை வாசிக்கிறார்கள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று தாயார் தரப்பு கேட்கிறது. உலகத்தைக் காக்கும் ஆலோசனையில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்கிறது பெருமாள் தரப்பு. தலைமுடி ஏன் கலைந்திருக்கிறது, காற்று. நெற்றிக் கஸ்தூரித் திலகம் ஏன் கரைந்திருக்கிறது, வெயில். உதடு ஏன் வெளுத்திருக்கிறது, போரில் சங்கு ஊதினதால். போன இடத்தில் திருமங்கை மன்னன் வழிப்பறி செய்துவிட்டான் என்றுகூட ஒரு சமாதானம் உண்டு. எதுவும் எடுபடாமல் போகவே, வேண்டுமானால் சமுத்திரத்தில் மூழ்கிச் சத்தியம் செய்கிறேன், பாம்புக் குடத்தில் கைவிடுகிறேன் என்கிறார் பெருமாள். பாற்கடலில் படுத்திருப்பவருக்குச் சமுத்திரம் என்ன, பாம்பின்மேலேயே தூங்குகிறவருக்குப் பாம்புக் குடம் என்ன என்று தாயார் தரப்பிலிருந்து பதில் வருகிறது. கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேசுகிறார். கதவு திறக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் ரங்கநாதரும் ரங்கநாயகியும் சேர்ந்து காட்சி தருவார்கள். இராமானுசர் தம்முடைய கத்தியங்களை விண்ணப்பித்துச் சரணாகதி செய்ததும் அந்தச் சேர்த்தியின்போதுதான் என்பது சம்பிரதாயம்.

முதல் மட்டை விழும்போதே கடைசியில் கதவு திறக்கும் என்று அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். வசனமும் வருஷா வருஷம் அதே வசனம். ஆனாலும் முதல் வரிசையில் நிற்கும் பாட்டிமார்கள், "நன்னா கேளுங்கோம்மா" என்று தாயார் பக்கம் நின்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தங்கள் வீட்டில் வாய் திறந்து ஒருநாளும் கேட்க முடியாமல் போன கேள்விகளை அங்கே வேறொருத்தி கேட்கிறாள், பதில் சொல்லாமல் சாட்சாத் பெருமாளாலேயே உள்ளே போக முடியவில்லை. கதவு திறக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட இதை நடிப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மார்கழியில் இதே கோயிலில் நடக்கும் அரையர் சேவை இன்னும் எளிமையானது. நாதமுனிகள் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்து, தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இசையோடு கற்றுக்கொடுத்ததிலிருந்து வருகிற மரபு என்பார்கள். பகல்பத்தில் அர்ச்சுன மண்டபம், இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபம். கூம்பு வடிவக் குல்லாய், ஒரு மாலை, கையில் தாளம், அவ்வளவுதான் வேஷம். திரை இல்லை, விளக்கு அமைப்பு இல்லை, அரிதாரம் இல்லை. பாசுரத்தைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்கிறார் அரையர். கம்ச வதத்தில் அவரே கம்சன், கண்ணனும் அவரே. ஒரு கணம் ஆண்டாளாகவும் மறுகணம் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் நிற்கிற அந்த வயதான மனிதரைப் பார்த்தால், வேஷம் என்பது முகத்தில் பூசிக்கொள்வதன்று என்பது புரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் இந்தச் சேவை உயிரோடு இருக்கிறது. மற்ற பல ஊர்களில் நின்று போய்விட்டது. இராப்பத்தின் எட்டாம் நாள் நடக்கும் வேடுபறியையும் பார்த்துவிடுங்கள். குதிரை வாகனத்தில் வரும் பெருமாளைத் திருமங்கை மன்னன் வழிமறித்துக் கொள்ளையடிக்கிற காட்சி அது. மணல்வெளியில் ஓட்டமும் ஆரவாரமுமாக இருக்கும், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

காவிரியைத் தாண்டித் திருச்சிக்கு வந்தால் மேடை, டிக்கெட், கொட்டகை என்று காட்சி மாறுகிறது.

தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப். ஜி. நடேச ஐயரை இன்றைய திருச்சிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, என்னால் சொல்ல முடியவில்லை. 1914-இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர் அவர். நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1938-இல் வந்த 'சேவாசதனம்' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வாய்த்த வயதான கணவராக நடித்தவரும் இவரே. மாதச் சம்பளம் வாங்கும் கௌரவமான குடும்பத்து மனிதர்கள் மேடை ஏறினால் ஊர் சிரிக்கும் என்றிருந்த காலத்தில், பதவியில் இருந்துகொண்டே அரிதாரம் பூசிக்கொண்டார். அந்தத் துணிச்சலுக்கு இந்த ஊர் நிறையக் கடன்பட்டிருக்கிறது.

'அரிச்சந்திரா' நாடகத்தில் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன் வேஷத்துக்கு ஒரு பையன் தேவைப்பட்டான். பத்து வயது இருக்கும், அருமையாகப் பாடுவான் என்று நடேச ஐயர் கண்டெடுத்த அந்தச் சிறுவன்தான் பிற்பாடு எம்.கே. தியாகராஜ பாகவதர். மேடையில் எஸ்.டி. சுப்புலட்சுமியோடு அவர் நடித்த 'பவளக்கொடி' 1934-இல் படமாகி, தமிழ் சினிமாவுக்கு முதல் பெரிய நட்சத்திரத்தைக் கொடுத்தது. பாகவதரின் அந்த வெண்கலக் குரல் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர்வதற்காகப் பழக்கப்பட்ட குரல்.

லோகிதாசன் வேஷம் என்றதும் எனக்கு இன்னொரு சிறுவன் நினைவுக்கு வருகிறான். ராஜ்கோட்டில், ஊருக்கு வந்த ஒரு நாடகக் குழு போட்ட அரிச்சந்திர நாடகத்தை அப்பாவிடம் அனுமதி வாங்கிப் பார்த்தவன். பார்த்து அலுக்கவில்லை. அரிச்சந்திரனைப் போல எல்லாரும் ஏன் உண்மை பேசக்கூடாது என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தான், தனக்குள்ளேயே அந்த நாடகத்தை எத்தனையோ முறை நடித்துப் பார்த்தான். காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் இதை எழுதியிருக்கிறார். சத்தியத்தையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்ட மனிதருக்கு அதன் முதல் பாடம் கிடைத்தது ஒரு நாடகத்தில். நாடகம் என்றால் பொய் என்று யார் சொன்னாலும் நான் முதலில் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

திருச்சியில் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன், கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு நடிகனாவது என்று முடிவு செய்தபோது வயது ஏழோ என்னவோ. ஊரில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில், தான் ஓர் அநாதை என்று சொல்லிச் சேர்ந்துகொண்டதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். முதலில் கிடைத்தது சீதை வேஷம். பிறகு பரதன், சூர்ப்பனகை என்று படிப்படியாக ஏறினார். அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் கணேசன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துவிட்டு, அந்த வேஷத்தின் பெயரையே அவருக்குச் சூட்டினார் பெரியார். ஒரு நாடக வேஷத்தின் பெயர் ஒரு மனிதரின் பெயராகவே நிலைத்துவிட்டது. சிவாஜியின் நடிப்பை மிகை என்று இன்றைக்குச் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவனும் கொடுத்த காசுக்குக் கதையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையில் உருவான கலை அது.

எம்.ஆர். ராதா திருச்சியைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1979-இல் இங்கேயே கண்மூடினார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' 1954-இல் படமாவதற்கு முன்பே, மேடையில் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோன நாடகம். அதே ஆண்டில் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டமே கொண்டுவந்தது. ராதாவின் 'ராமாயணம்' நாடகம் கிளப்பிய புயல் அதற்கு ஒரு காரணம். வெறும் பாசாங்கை அடக்க யாரும் சட்டம் போடமாட்டார்கள். மேடையில் பேசினது உறைத்ததால்தான் அரசாங்கம் அசைந்தது. ராதாவின் கருத்துகளோடு உடன்படாத பக்தர்கள் இந்த ஊரில் நிறையவே இருந்தார்கள். மட்டையடிக்குக் கண்ணீர் விட்ட ஊரும், ராதாவின் கேள்விகளுக்குக் கைதட்டிய ஊரும் ஒரு பாலத்துக்கு இக்கரையிலும் அக்கரையிலும்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் இடம் கொடுத்ததை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மேலப்புலிவார் ரோட்டுத் தேவர் ஹாலையும், 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தையும் சொல்லாமல் போக முடியாது. ரேடியோ நாடகம் கேட்பதற்காக வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலி, பாட்டெழுதச் சென்னைக்குப் போவதற்கு முன் அந்த நிலையத்துக்கு எழுதிக்கொடுத்தவர். அதே ஸ்ரீரங்கத்து சுஜாதா, பூர்ணம் விஸ்வநாதனின் குழுவுக்காக எழுதியவற்றில் 'கடவுள் வந்திருந்தார்' எனக்கு மிகவும் பிடித்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஓர் ஆள் வருகிறான். அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான். அவர் சொல்வது அத்தனையும் நிஜம், ஆனால் மனைவியும் மகளும் நம்ப மறுக்கிறார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால், சொன்னதை நம்பாத வீட்டில் ஒரு வயதான மனிதர் படும் பாடு மனத்தை உறுத்தும்.

நம்மிடம் உண்மையைச் சொல்கிறவரை நாம் எத்தனை முறை இப்படி "நடிக்கிறார்" என்று தள்ளிவிட்டிருக்கிறோம் என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற குழந்தையைப் பள்ளியிலோ வழியிலோ யாரோ துன்புறுத்துகிறார்கள் என்பது மாதக்கணக்கில் கழித்துத் தெரியவரும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வருகிற மனச்சோர்வு மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். 'டிராமா பண்றா' என்ற இரண்டு வார்த்தையில் அந்த மருத்துவம் தள்ளிப்போகிறது. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லும் பெரியவரை, மகன் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் சீன் போடுகிறார் என்று விட்டுவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடக் கொடுமையானது 'நாடகக் காதல்' என்று 2012-க்குப் பிறகு நம் அரசியல் மேடைகளில் பரவிய சொல். சாதி மாறி மனம் விரும்பிய இரண்டு பேரின் அன்பை ஒரே அடைமொழியால் மோசடியாக்கிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குத் தானாக ஒருவனை விரும்பத் தெரியாது, ஏமாறத்தான் தெரியும் என்ற இழிவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அந்தச் சொல்லின் நிழலில் வீடுகள் எரிந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. இந்தப் பத்திரிகையில் அந்தச் சொல்லை நாங்கள் எங்கள் வார்த்தையாக ஒருபோதும் எழுதமாட்டோம்.

தொல்காப்பியர் அகப்பொருளைப் பற்றிச் சொல்லும்போது நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டும் சேர்ந்ததுதான் புலவர்கள் பாடும் நெறி. புனைவும் நடப்பும் கைகோத்தால்தான் காதலைச் சொல்ல முடியும் என்று வைத்த தமிழில், நாடகத்தையும் காதலையும் சேர்த்து வசவாக்கியது நம் காலத்துக்கு நேர்ந்த அவமானம்.

மொழியில் ஏறிய இந்த இகழ்ச்சி, மேடையில் நிற்கிற மனிதர்கள்மேலும் விழுந்திருக்கிறது. கூத்தாடி என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மாசி, பங்குனி, சித்திரையில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' போடுவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லப்படும் இதில் ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் எந்தப் பக்கம் இழுத்தாலும் மற்றவர் ஈடுகொடுக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடமாக இருந்தால்தான் இது நடக்கும். இவ்வளவு வித்தை தெரிந்த பெண்களை ஊர் எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சிலிருந்து தப்ப அவர்கள் எப்படியெல்லாம் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் மதுரைக் கலைஞர்களோடு பழகி ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 2005-இல் வந்த அந்த ஆங்கில நூல் தமிழில் பரவலாகப் படிக்கப்பட வேண்டும்.

அடுத்த தடவை உங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டால், தயவுசெய்து பத்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். தர்க்கம் முடியும்வரையாவது உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நாடக நோட்டீஸ் என்று ஒன்று இருந்தது. ரோஜா நிறத்திலோ மஞ்சளிலோ மெல்லிய தாள், ஓரத்தில் கொடி வளைவு, நடுவில் நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில். கீழே சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டண விவரம், பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற அறிவிப்பு. அதேபோல் நடிகர்கள் தங்கள் பாடத்தை எழுதி வைத்துக்கொண்ட நோட்டுகள், தெருப் பிள்ளைகளும் ரயில்வே ஊழியர்களும் சேர்ந்து நாடகம் போட்டபோது எடுத்த புகைப்படங்கள், கையெழுத்துப் பிரதிகள். பொன்மலைக் குடியிருப்புகளிலும், பாலக்கரையிலும், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளின் பரண்களிலும் இவை இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான்.

உங்களிடம் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். எங்கள் ஆட்களே நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். யார் நடித்தது, எந்த வருஷம், எந்த இடத்தில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லி, பேரப்பிள்ளைகள் எழுதினாலும் சரி. வருகிறவற்றை இடம் கிடைக்கும் இதழ்களில் எல்லாம் வெளியிடுகிறோம். கடிதத்தின் மேல் 'நாடகம்' என்று மட்டும் குறிப்பிடுங்கள், போதும்.

அன்புடன்,
ஆசிரியர்